ஐந்து மீட்டர்

நடைக்கூடத் தரையில் இரண்டு நீல நாடா ஒட்டியிருக்கிறேன்.
இடையில் ஐந்து மீட்டர். என் கையில் நிறுத்துக் கடிகாரம்.
ஆறு நொடிக்குள் கடந்தால் ஒரு கட்டத்தில் டிக்,
தாண்டினால் பக்கத்துக் கட்டத்தில்.
வல்பராயிசோவில் சமதரையில் நடக்கச் சொன்னால்
சிரிக்கிறார்கள்.
இந்த ஊரில் கடலைவிட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்.

எர்மீனியா ஒயார்சூன், எண்பத்து மூன்று.
எங்கள் சந்துக்கு நூற்று அறுபத்து நான்கு படி, என்றார்.
போன ஈஸ்டருக்கு இரண்டு இடத்தில் நின்றேன்,
இப்போது பதினொன்று.
ஒவ்வொன்றாகச் சொன்னார்:
மஞ்சள் கதவு, தையல்காரர் ஜன்னல்,
சங்கிலி போட்ட அந்த நாய். என்னைப் பார்த்து
அது இப்போதெல்லாம் குரைப்பதில்லை.

எக்கோவும் அதையேதான் சொன்னது, எண்களில்.
கட்டைவிரல் நுழைய வேண்டிய வாசலில்
பென்சில் நுழையத்தான் இடம்.
இதழ் மூன்றிலும் சுண்ணாம்பு.
"என் கெட்டிலைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

கைப்பையை நாற்காலியில் வைத்தார்.
நாடாவிலிருந்து நாடாவுக்கு ஐந்து புள்ளி இரண்டு நொடி.
சுவரைப் பிடித்துக்கொண்டு,
கடிகாரத்தை நிறுத்திவிட்டாயா என்று கேட்டு,
நிறுத்திவிட்டேன் என்ற பிறகே
மூச்சை வெளியே விட்டார்.
எண்ணை மையால் எழுதினேன்.
ஓரத்தில் பென்சிலால்: மூச்சை அடக்கி நடந்தார்.

அடுத்து எலெயுத்தேரியோ கத்ரிலேயோ, அறுபத்தாறு,
எரிவாயு உருளை சுமப்பவர்.
மைத்துனருக்குச் செய்ததையே தனக்கும் கேட்டார்:
தொடையில் ஒரு துளை, மூன்றாம் நாள் வீடு.
பிடிமானக் கருவியை அழுத்தச் சொன்னேன்.
முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது.
அவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான்,
வளையம் கோணல், மேலே வீங்கிய பெருந்தமனி.
நெஞ்சைத் திறந்துதான் தைக்க வேண்டும்,
தாங்கும் உடம்பு உங்களுக்கு, என்றார் டாக்டர் இலபாக்கா.
"பலம் குறைந்ததும் வந்தால்
துளை போடுவீர்களா?"
யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

வியாழக்கிழமை கூட்டத்தில் திரைச்சீலையை மூடினார்கள்,
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மறைந்தன.
சுவரில் எர்மீனியாவின் உள்பக்கம், சாம்பல் நிறத்தில்:
வலது தொடைத் தமனி அவர் சந்தைப் போலவே வளைந்து வளைந்து.
இடது ஐந்து புள்ளி எட்டு மில்லிமீட்டர். குழாய் போகும்.
இருபத்து மூன்று அளவு வால்வு பொருந்தும்.
இலபாக்கா என் பென்சில் எழுத்தை உரக்கப் படித்தார்.
இதற்கு என்ன அர்த்தம்?
அவருக்கு வேண்டும் என்று அர்த்தம், டாக்டர்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஆனாலும் அவர் அழிக்கவில்லை.

மூன்றாவது கோப்பு டான் நசாரியோவுடையது.
சக்கர நாற்காலியில் வந்தவர், மகளின் பெயரை மறந்தவர்.
எந்த வாசலைத் திறந்தாலும்
அவர் போக இடமில்லை என்பதை
வேறு சொற்களில், மெல்லிய குரலில் சொன்னார்கள்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மாலையில் எர்மீனியாவை அழைத்தேன்: செவ்வாய், இடது கால்.
ஆபத்து பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
"அந்த உருளைக்காரருக்கு என்ன சொன்னார்கள்?
இருபது வருடமாக என் வீட்டு நெருப்பு
அவர் தோளில்தானே ஏறி வந்தது."
சொல்ல அனுமதியில்லை, என்றேன்.
"அப்படியானால் அவருக்குப் பெரியது" என்றார்.

வெள்ளிக்கிழமை தரை துடைக்கும் இயந்திரம்
ஒரு நாடாவைப் பிய்த்துப் போட்டிருந்தது.
பசை விட்ட தடத்திலிருந்து அளந்து பார்த்தேன்.
நான்கு மீட்டர் எண்பது.
எத்தனை மாதமாக இப்படி?
கையேட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
எர்மீனியாவுக்கு ஐந்து புள்ளி நான்கு. அப்போதும் உள்ளேதான்.
கத்ரிலேயோவுக்கு எதுவும் மாறாது.
மூன்றாமவர் நடக்கவே இல்லை.
அவர்களுக்கு முன் வந்தவர்களின் தாள்கள்
கீழ்த்தளத்து அலமாரியில் இருக்கின்றன.
புது நாடாவை ஒட்டி, இரண்டு முறை அளந்துவிட்டு,
சாவி கேட்கப் போனேன்.